பெரிய தட்டும் சின்னத் தட்டும்

போன வாரம் ஷைனி போன் போட்டாள். நான் ரிட்டையர் ஆன பொறவு எங்க ராஜபாளையம் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர் இன்சார்ஜா வந்திருக்கிற பிள்ளை. பி.எஸ்ஸி. நர்சிங் படிச்சவள். ஆனாலும் சந்தேகம் வந்தா என்னைத்தான் கூப்பிடுவாள்.

"அக்கா, இனிமே தட்டை வெளிய கொண்டுபோயிக் காட்டக் கூடாதுன்னு ஆர்டர் வந்துட்டு. உள்ள எடுத்ததை நேரா பாட்டில்ல போட்டு டெஸ்ட்டுக்கு அனுப்பிரணுமாம். சொந்தக்காரவுக கேட்டா டாக்டர் போட்டோ காட்டுவாகளாம். இந்தத் தட்டு வேலையில நீங்கதான் பெரிய ஆளாமே, புதுப் பிள்ளைகளுக்கு அதைப் பத்தி எழுதித் தாங்களேன்."

"ஆளாமேன்னு என்ன சந்தேகமா இழுக்க? ஆளுன்னே சொல்லு" என்றேன். அதனாலதான் எழுதுறேன்.

என் பேரு தங்கமாரி. படிப்பு அஞ்சாங் கிளாஸ், அதுலயும் பாதி நாள் லீவு. சின்ன வயசுல சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யிற தறியில வேலை. வெள்ளை வெள்ளையா மூட்டை கட்டி லாரியில ஏத்துவோம். கூட வேலை பாத்தவளுக கல்யாணத்தைப் பத்தி யோசிச்சாளுக. நான், இந்தத் துணி எங்க போகுது, யாரு ஒடம்புக்குள்ள போகுதுன்னு யோசிச்சேன். அந்த ஒரு கேள்விதான் என்னை ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுவந்து விட்டது. கூட்டிப் பெருக்குற வேலையில சேந்தேன். பெருக்கிக்கிட்டே தியேட்டர் கதவு வரைக்கும் போனேன். கதவு தெறந்தப்ப எட்டிப் பாத்தேன், திட்டு வாங்கினேன், திரும்பவும் எட்டிப் பாத்தேன். "இவளை வெளிய நிறுத்த முடியாது, உள்ளயே விட்டுருங்க"ன்னு அப்ப இருந்த மயக்க டாக்டர் சொல்லி உள்ள எடுத்தாங்க. கத்தரி, கிளாம்ப், ரிட்ராக்டர்னு அம்புட்டையும் கையால தடவித் தடவித்தான் பேர் படிச்சேன். கடைசியில நான் சொல்லாம அந்தத் தியேட்டருக்குள்ள ஒரு விளக்கு எரியாதுங்கற அளவுக்கு வந்தேன். இதை நான் சொல்லலை, டாக்டர்களே சொல்லுவாங்க. அவங்க மறந்தா நான் ஞாபகப்படுத்துவேன்.

தட்டு வேலைன்னா என்னன்னு சொல்லுறேன். எங்க பக்கம் ஆபரேஷன் முடிஞ்சா, உள்ளருந்து எடுத்ததைத் தட்டுல வச்சு வெளிய காத்திருக்கிற சொந்தக்காரங்களுக்குக் காட்டுறது வழக்கம். காட்டலைன்னா, உள்ள ஒண்ணும் செய்யலையோன்னு சந்தேகம் வந்துரும். அதைக் காட்டுறதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. மேல இருக்கிற ரத்தத்தைக் கழுவணும், ரொம்பக் கழுவுனா வெளுத்துப்போயி கறிக்கடை ஞாபகம் வந்துரும். பச்சைத் துணி போட்டு மூடணும். வெளிய போனதும் துணியைத் தெறக்கக் கூடாது, முதல்ல மூஞ்சிகளைப் பாக்கணும். யாரு மீசையைத் தடவிக்கிட்டு முன்னாடி வாரானோ அவன்தான் மயங்கி விழுவான். அவனை உக்கார வைக்கணும். துணியை நம்ம பக்கத்துல இருந்து மெதுவா விலக்கணும். இது கர்ப்பப்பை, இது எடது சினைப்பைன்னு தொடாமச் சுட்டிக் காட்டணும். செத்த நேரம் நிக்கணும். பொறவு, "எல்லாம் எடுத்தாச்சு"ன்னு சொல்லி மூடணும்.

அந்தக் கடைசி வார்த்தைதான் ஊருக்குப் போகும். சேத்தூர் டீக்கடையில ஒருத்தர், "தேங்கா தண்டி கட்டி, அம்புட்டையும் எடுத்துட்டாக"ன்னு சொன்னா அடுத்த வாரம் அங்கருந்து கேஸ் வரும். ஆஸ்பத்திரிக்குப் பேரு தட்டால வந்தது. தட்டு என் கையில இருந்தது. பேரு யாரால வந்ததுன்னு நீங்களே யோசிச்சுக்கிடுங்க.

அந்த வார்த்தை பிடிக்காத ஒரே ஆளு, மதுரையில இருந்து வாரா வாரம் புதன்கிழமை வந்துட்டுப் போன கேன்சர் டாக்டரம்மா. ஒல்லியா இருப்பாங்க, நடக்குற சத்தம் கேக்காது. நோயாளியை நிக்க வச்சுப் பேச மாட்டாங்க, கட்டில் ஓரத்துல தானும் உக்காந்துக்கிடுவாங்க. கை கழுவும்போது யார்கூடயும் பேச்சு கெடையாது. முழங்கை வரைக்கும் இருக்கிற நுரையையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. கோவம் வந்தா அவங்க குரல் ஏறாது, இறங்கும். இறங்க இறங்க நமக்கு வேர்க்கும். நான் தட்டோட கெளம்பும்போதெல்லாம், "தங்கமாரிம்மா, எல்லாம்னு சொல்லாதீங்க. கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்தாச்சுன்னு சொல்லுங்க"ம்பாங்க. நான் தலையை ஆட்டிட்டு வெளிய போயி "எல்லாம் எடுத்தாச்சு"ம்பேன். மயங்கி விழப்போறவன்கிட்ட அம்புட்டு நீளமா யாரு சொல்லுவா?

அந்த நீளம் எதுக்குன்னு ஜெயக்கொடி வந்த பொறவுதான் எனக்கு வெளங்குச்சு.

ஜெயக்கொடிக்குத் தளவாய்புரம். நைட்டி வெட்டித் தைக்கிற யூனிட் வச்சிருந்தா. புருஷன் மாரியப்பன், அவ தைக்கிற நைட்டியை லோடு ஆட்டோவுல ஏத்தி ஊர் ஊராக் கொண்டுபோறவரு. அவ முதல்ல வரும்போது வயிறு உப்பியிருந்தது, உள்ள தண்ணி. சினைப்பையில கேன்சர். டாக்டரம்மா கர்ப்பப்பையை, ரெண்டு சினைப்பையை, குடலுக்கு மேல போர்வை மாதிரி தொங்குற கொழுப்பை எடுத்தாங்க. பெரிய தட்டு நெறஞ்சு போச்சு. மாரியப்பனை உக்கார வச்சுத்தான் தெறந்தேன். பாத்தாரு, சுவத்தைப் பிடிச்சாரு, பொறவு சிரிச்சாரு. "எல்லாம் எடுத்தாச்சு"ன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாரு. அடுத்து அவளுக்கு மருந்து ஏத்துனாங்க. முடி கொட்டுச்சு, திரும்ப மொளைச்சது. ரெண்டு வருஷத்துக்கும் மேல நல்லா இருந்தா.

ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க வீட்டு வாசல்ல லோடு ஆட்டோ வந்து நின்னது. நான் அங்க இருந்துதான் பஸ்ஸுல ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போயிக்கிட்டிருந்தேன். ரெண்டு பேரும் எறங்கினாங்க. செக்கப்புல ரத்தத்துல கேன்சர் அளவு ஏறியிருக்கு, ஸ்கேன்லயும் கட்டி தெரியுது. டாக்டரம்மா வர புதன்கிழமை ஆகும். அதுவரைக்கும் பொறுக்க முடியாம, தட்டைக் காட்டுனவளைத் தேடி வந்துட்டாங்க.

மாரியப்பன் செருப்பைக் கழட்டும்போதே ஆரம்பிச்சாரு. "அக்கா, திரும்ப வெட்டி எடுத்துரச் சொல்லுங்க. நாளைக்கேன்னாலும் சரி. போனவாட்டி எடுத்த மாதிரி."

"ஆமா, நீங்க போயிப் படுத்துக்கிடுங்க, வெட்டட்டும்" என்றா ஜெயக்கொடி. பொறவு என் பக்கம் திரும்பினா. "அக்கா, எனக்கு ஒண்ணு வெளங்கணும். சினைப்பை ரெண்டையும் எடுத்தாச்சு. இல்லாத சினைப்பையில எப்படிக்கா சினைப்பை கேன்சர் வரும்?"

அத்தனை வருஷம் தியேட்டருக்குள்ள நின்னவ, இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்லை. "தெரியல தாயி. ஆனா புதன்கிழமை தெரிஞ்சுக்கிடாம விட மாட்டேன்"னேன்.

"இன்னொண்ணு. எனக்குள்ள இருந்ததை இவிய பாத்தாக, என் நாத்தனா பாத்தா. எங்க யூனிட்ல பட்டன் வைக்கிறவ பாக்காமலே தர்பூசணி தண்டின்னு சொல்லிக்கிட்டுத் திரியுதா. எனக்குள்ளயே இருந்தது, நான் மட்டும் பாக்கலை. எப்படிக்கா இருந்துச்சு அது?"

எம்புட்டுத் தட்டு காட்டியிருப்பேன். அதுக்குச் சொந்தக்காரி ஒருத்தி என்கிட்ட இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவுக மயக்கத்துல கெடப்பாக, தட்டு அவுக தலைமாட்டைத் தாண்டித்தான் வெளிய போகும். நான் உக்காந்து ஒண்ணு விடாமச் சொன்னேன். ஒரு பக்கம் வழவழன்னு இருந்தது, மறுபக்கம் காலிபிளவர் மாதிரி முண்டும் முடிச்சுமா.

"கலரு?"

"சாம்பலும் மஞ்சளும் கலந்து."

"சீ. அந்தக் கலர்ல நைட்டி போட்டா ஒருத்தி வாங்க மாட்டா."

மாரியப்பன் காபி டம்ளரைக் கீழ வச்சுட்டு வெளிய போயி ஆட்டோவைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

புதன்கிழமை நானும் கூடவே உள்ள போயி நின்னேன். யாரும் கூப்பிடலை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. டாக்டரம்மா கட்டில் ஓரத்துல உக்காந்து, ஸ்கேன் கவரோட பின்பக்கத்துல ஒரு பை மாதிரி வயித்தை வரைஞ்சாங்க.

"சினைப்பையில ஆரம்பிச்சதால அந்தப் பேரு. அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க வயித்துக்குள்ள உதிர்ந்திருக்கும். மருந்து நிறையக் கொன்னிருக்கும். எங்கயோ தப்பிச்சு ஒட்டிக்கிட்டது இப்ப வளந்திருக்கு. சினைப்பை போனாலும் அதே நோய்தான்."

"தறி ஓடுற எடத்துல பஞ்சு பறக்குமே, அது மாதிரியா டாக்டரம்மா?" நான் கேட்டேன். "தொடச்சுப் பெருக்கிட்டு வந்தாலும் மறுநாள் ஒரு மூலையில கெடக்கும்."

"கிட்டத்தட்ட. ஆனா பஞ்சு கெடந்த மாதிரியே கெடக்கும் தங்கமாரிம்மா. இது வளரும். அதையும் சேத்துச் சொல்லுங்க."

பொறவு அந்தப் பஞ்சுக் கதையை அவங்க எத்தனை நோயாளிக்குச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். என் பேரைச் சொல்லலை. போகட்டும்.

மாரியப்பன் என்னையே பாத்தாரு. "எல்லாம் எடுத்தாச்சுன்னுல்ல போனவாட்டி சொன்னீக?"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கண்ணுக்குத் தெரிஞ்சது எல்லாம்னு அர்த்தம்"னு அவங்களே பதில் சொன்னாங்க. குரல் நல்லா இறங்கியிருந்தது. எனக்குத்தான் அதுன்னு எனக்குத் தெரியும்.

"சரி, இந்தவாட்டியும் எடுத்துரலாம்ல?"

"முதல் தடவை மாதிரி இல்லை. இப்ப எடுக்கலாமாங்கறதே கேள்வி. முழுசா எடுக்க முடிஞ்சவங்களுக்குத்தான் ரெண்டாவது ஆபரேஷனால பலன். பாதியை உள்ள விட்டுட்டு வந்தா, மருந்து மட்டும் ஏத்திக்கிட்டவங்களைவிட ஒண்ணும் கூடுதலாக் கெடைக்காது. வலி மட்டும்தான் கூடுதல். காயம் ஆறுற வரைக்கும் மருந்தும் தள்ளிப்போகும்."

அப்புறம் ஜெயக்கொடிகிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டு வெளக்குனாங்க. கடைசி மருந்துக்குப் பொறவு நல்லா இருந்த காலம் நீளமா இருந்தா அது நம்ம பக்கம். வயித்துல திரும்பத் தண்ணி சேந்திருந்தா அது நம்ம பக்கம் இல்லை, ஸ்கேன்ல தண்ணி இல்லை. கட்டி எத்தனை எடத்துல இருக்குங்கறது முக்கியம். ஒடம்புல தெம்பு இருக்கணும்.

"யூனிட்ல இப்பவும் வேலை பாக்குறீங்களா? நின்னா, உக்காந்தா?"

"நின்னுதான் டாக்டரம்மா வெட்டுதேன். உக்காந்து வெட்டுனா துணி கோணிக்கிடும்."

"கட்டி குடலை ஒட்டி இருக்கு. தேவைப்பட்டா குடல்ல கொஞ்சம் வெட்டி ஒட்டணும். ஒட்டுனது ஆறுற வரைக்கும் வயித்துல பை ஒண்ணு மாட்ட வேண்டி வரலாம். மலம் அதுலதான் வரும்."

மாரியப்பன் மூஞ்சி செத்துப் போச்சு. ஜெயக்கொடி கொஞ்ச நேரம் தன் வயித்தையே பாத்தா. "மாட்டட்டுமே. நைட்டிக்குள்ள யாருக்குத் தெரியும்? உள்பக்கமா ஒரு ஜேப்பு வச்சுத் தச்சுக்கிடுதேன்."

டாக்டரம்மா சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

"மருந்து மட்டும் போதும்னு விட்டா?" என்று ஜெயக்கொடி கேட்டா.

"அதுவும் ஒரு வழிதான், தப்பில்லை. அதுல சுருங்கும். எம்புட்டு நாளைக்குன்னு சொல்ல முடியாது."

"ஆபரேஷன் பண்ணா இனிமே வராதா?"

"வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். தள்ளிப்போக வாய்ப்பு இருக்கு."

அடுத்த புதன்கிழமை டாக்டரம்மா வந்து, மதுரையில நாலஞ்சு டாக்டருங்க சேந்து அவ ஸ்கேனைப் பாத்ததாச் சொன்னாங்க. கட்டி ஒரே எடத்துலதான் தெரியுது. பண்ணலாம்னுதான் எல்லாரும் சொல்லுறாங்க. ஆனா முடிவு அவளோடது. மாரியப்பன், "பண்ணிருவோம், பண்ணிருவோம்"னு கையைப் பிசைஞ்சாரு. ஜெயக்கொடி அவரைக் கையமர்த்திட்டு ரெண்டு கண்டிசன் போட்டா.

"முதல்ல உள்ள பாருங்க. முழுசா எடுக்க முடியாதுன்னு தெரிஞ்சா வெட்ட வேண்டாம், அப்படியே மூடிட்டு வாங்க. நான் மருந்து ஏத்திக்கிடுதேன். எடுத்தீகன்னா, அதை முதல்ல எனக்குத்தான் காட்டணும். இவிய எனக்குப் பொறவு பாக்கட்டும்."

"மயக்கத்துல இருப்பீங்களே."

"தெளிஞ்ச பொறவு காட்டுங்க."

டாக்டரம்மா யோசிச்சாங்க. "பாட்டில்ல மருந்துத் தண்ணியில போட்டுருவோம். நான் சாயங்காலம் மதுரைக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி காட்டுறேன்."

ஆபரேஷன் அன்னைக்கு அவங்க குடல் ஆபரேஷன் பண்ணுற இன்னொரு டாக்டரையும் மதுரையில இருந்து கூட்டிட்டு வந்தாங்க. நான் மேஜையில பெரிய தட்டையும், சின்னதா, அவரை விதை மாதிரி வளைஞ்ச கிட்னி தட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். பழைய தையலை விட்டு ஒதுங்கி, எடது விலாவுக்குக் கீழ சின்னதா ஓட்டை போட்டுக் கேமராவை விட்டாங்க. நான் டி.வி.யைப் பாத்தேன். முன்ன ஆபரேஷன் பண்ண எடமில்லையா, அங்கங்க ஒட்டடை தொங்குற மாதிரி குடல் வயித்துச் சுவத்தோட ஒட்டிக் கெடந்தது. கேமரா மெதுவாப் போச்சு. ஈரலுக்கு அடியில, மேல கூரை மாதிரி இருக்கிற சவ்வுல, குடலோட ஒவ்வொரு மடிப்புலயும். கம்பு தூவுன மாதிரி குருணை குருணையாத் தெரிஞ்சா மூடிட்டு வந்துரணும்னு எனக்குத் தெரியும். அதனால கண்ணை எடுக்கலை.

ஒரு எடத்துல கேமரா நின்னுச்சு. வெள்ளையா ஒரு புள்ளி. ரெண்டு டாக்டரும் குனிஞ்சு பாத்தாங்க, கேமராவைச் சாய்ச்சுப் பாத்தாங்க. "பழைய தழும்பு"ன்னாரு குடல் டாக்டர். டாக்டரம்மா அதோட விடலை. இன்னொரு சுத்து முழுக்கப் பாத்தாங்க.

பொறவு, "தங்கமாரிம்மா, அந்தப் பெரிய தட்டை எடுத்து உள்ள வச்சிருங்க"ன்னாங்க.

மூடப்போறாங்கன்னு நெனச்சேன். ஜேப்பு வச்சுத் தச்ச நைட்டியை அவ பையில கொண்டுவந்திருந்தது ஞாபகம் வந்துச்சு.

"சின்னதே போதும்" என்றாங்க. "ஒண்ணுதான் இருக்கு."

வயித்தைத் தெறந்து, குடல் மேல ஒட்டியிருந்ததைச் சீவி எடுத்தாங்க. குடல்ல ரெண்டு மூணு தையல்தான், பை தேவைப்படலை. சிறு நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி கிட்னி தட்டுல விழுந்துச்சு. உடனே பாட்டிலுக்குப் போச்சு. பாட்டிலைத் தட்டுல வச்சுப் பச்சைத் துணியால மூடி வெளிய போனேன். வெறுங்கையோட போனா என்னாகும்னு உங்களுக்கே தெரியும்.

மாரியப்பன் இந்தவாட்டி நான் சொல்லாமலே உக்காந்துட்டாரு. ஆனா தட்டைப் பாத்ததும் எந்திரிச்சுட்டாரு.

"என்னக்கா, தட்டே இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான். அவ பாக்குறதுக்கு முன்ன தெறக்கக் கூடாது."

"போனவாட்டி அம்புட்டு எடுத்தும் திரும்ப வந்துச்சு. இம்புட்டு எடுத்தா எப்படிக்கா? நல்லாத் தேடுனாகளா? இன்னொருக்கா உள்ள பாக்கச் சொல்லுங்களேன்!"

பக்கத்துல இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. என் கையில அதுவரைக்கும் இருந்ததுலயே சின்னத் தட்டு அது. அதைக் குறைச்சு ஒருத்தர் பேசுனதும் எனக்குக் கோவம் வந்துருச்சு. "கேமரா வச்சு ரெண்டு சுத்து பாத்தாக. நானும் பாத்தேன். கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்தாச்சு"ன்னேன். முழு நீளத்தையும் சொன்னேன்.

அவரு மூடியிருந்த துணியைப் பாத்தாரு. பொறவு, "தெரியாதது?"ன்னாரு.

"அதுக்குத்தான் மருந்து ஏத்துவாக."

"அதுக்கும் தப்பிச்சா?"

'எல்லாம் எடுத்தாச்சு'ன்னா அடுத்த கேள்வி வராது, கும்பிட்டுட்டுப் போயிருவாக. இப்ப கேள்வி வந்துக்கிட்டே இருந்தது, என்கிட்ட பதில் தீந்து போச்சு. "தப்பிச்சா திரும்பத் தேடுவோம் மாரியப்பா, உக்காருங்க"ன்னு சொல்லி, நானும் பக்கத்து நாற்காலியில உக்காந்தேன். தட்டோட நான் உக்காந்தது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் டாக்டரம்மாவே பாட்டிலைக் கொண்டுவந்து ஜெயக்கொடி கண்ணுக்கு நேரா பிடிச்சாங்க. அவளுக்குச் சரியாக் குரல் வரலை. துணியில சாயம் சரியாப் பிடிச்சிருக்கான்னு பாக்குற மாதிரி, வெளிச்சத்துல திருப்பச் சொல்லித் திருப்பச் சொல்லிப் பாத்தா.

"ஏட்டி, நீதானா?" பாட்டிலைப் பாத்துத்தான் சொன்னா. "இம்புட்டுண்டு இருந்துக்கிட்டா எங்க வீட்டுக்காரவியளச் சோறு திங்க விடாம வச்சிருந்த?" பொறவு மாரியப்பனைப் பாத்துத் தலையாட்டினா. "இப்ப நீங்க பாத்துக்கிடுங்க."

அவரும் பாத்தாரு. இந்தவாட்டி சுவத்தைப் பிடிக்கலை, அவ காலைப் பிடிச்சுக்கிட்டாரு.

ஷைனி, புது ஆர்டர் சரிதான். தட்டு வெளிய போக வேண்டாம், அது நேரா டெஸ்ட்டுக்குப் போகட்டும். ஆனா மேஜையில படுக்கிறவுககிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை கேளு, பாக்கணுமான்னு. வேண்டாம்னா விட்டுரு. வேணும்னா அவுகளுக்குத்தான் முதல்ல. டாக்டர் போட்டோ காட்டும்போது நீ பக்கத்துல நின்னு 'எல்லாம்'னு மட்டும் சொல்லிராத.

ஜெயக்கொடி அதுக்குப் பொறவும் மருந்து ஏத்திக்கிட்டா. மலப் பைக்குன்னு தச்ச ஜேப்பு சும்மாத்தான் இருந்துச்சு, அதுல செல்போனைப் போட்டுக்கிட்டா. யூனிட்டுக்கு வந்தவளுக எல்லாம் எங்களுக்கும் வேணும்னு கேக்க, இப்ப தளவாய்புரத்துல அவ தைக்கிறதே ஜேப்பு நைட்டிதான். எனக்கும் ரெண்டு குடுத்திருக்கா. சில மாசத்துக்கு ஒருக்கா அவளுக்கு ரத்த டெஸ்ட் வரும். அன்னைக்கு நான் எங்கயும் போக மாட்டேன், போனை அந்த ஜேப்புக்குள்ள போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே நடப்பேன். போன வாரமும் அது அடிச்சது.

"என்ன தாயி?"

"இன்னைக்குத் தேதிக்குக் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலைக்கா."

"டாக்டரம்மா சொன்னாங்களா, நீயாச் சொல்லுதியா?"

"அவிய சொன்னதை அப்படியே சொல்லுதேன். ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை."

"சரி. மாரியப்பன் சாப்பிட்டாரா?"

"முன்னாடி உக்காந்து தின்னுக்கிட்டுத்தான் இருக்காக" என்றா.